எண்பத்தாறு பிறந்த கடை

வெண்டல் பிக்ஸ்பி தன் அறுபத்திரண்டு வயதுக்குள் சொந்தமாக உண்டாக்கியது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பொய். கடை அப்பா கட்டியது. வீடு மாமனார் கொடுத்தது. தலையில் இருந்த முடிகூடத் தபாலில் வந்தது. பொய்யை மட்டும் அவனே பெற்று, அவனே ஊட்டி, கண் பட்டுவிடாமல் வளர்த்தான்.

நெவாடாவில் கால்டர் வெல்ஸ் என்று ஓர் ஊர். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தபால் ஆபீஸ், பாதிக்கு மேல் மூடிவிட்ட ஒரு செம்புச் சுரங்கம், பிக்ஸ்பி பார். வேறு பாருக்குப் போக வேண்டுமானால் மலையைத் தாண்டி ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். பனிக்காலத்தில் அந்தப் பேச்சே கிடையாது. குடிக்கிறவனுக்கு மட்டும்தான் அந்தக் கடை என்றில்லை. சூடான சூப், டிவியில் ஆட்டம், பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடிக்க ஓர் ஆள், எல்லாமே அந்த ஒரு கூரைக்கு அடியில்தான். அந்தக் கூரை போயும் போயும் இந்த ஆள் கையில் மாட்டியிருந்தது. ஊரின் தலையெழுத்து, வேறென்ன சொல்வது!

எண்பத்தாறு என்ற சொல் அங்கே எல்லோர் வாயிலும் புழங்கும். சமையலறையில் மீன் தீர்ந்துவிட்டால் ‘மீன் எண்பத்தாறு’ என்று கத்துவார்கள்; யாரும் அதற்குப் பிறகு மீன் கேட்க மாட்டார்கள். ஓர் ஆளை இனி உள்ளே விடக்கூடாது என்றாலும் அதே சொல்தான்: ‘அவன் எண்பத்தாறு.’ நமக்கு நானூற்றிருபது எப்படியோ அவர்களுக்கு இது அப்படி. ஆனால் நம் நானூற்றிருபதுக்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவாவது இருக்கிறது. இதற்கு அப்பன் யாரென்றே தெரியாது. முப்பதுகளில் சோடா, ஐஸ்கிரீம் விற்ற கவுண்டர்களில் வேலை செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட குறிச்சொல் என்கிறார்கள் சிலர். அதற்கு மேல் கேட்டால் அவர்களும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

வெண்டலுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. ஹைவேயில் போகிற எவனாவது கழிப்பறைக்காக வண்டியை நிறுத்தினால் போதும், பிடித்து உட்கார வைத்துவிடுவான்.

“ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி மூணு. வெளிய இடுப்பளவு பனி. எங்க தாத்தா ஏமஸ் பிக்ஸ்பி, இதே கடை, இதே கவுண்டர். அன்னிக்கு அவரு கொஞ்சம் அதிகமாப் போட்டுட்டாரு. ஒரு ஏழைச் சுரங்கத் தொழிலாளியை வாய்க்கு வந்தபடி பேசிட்டாரு. கவுண்டருக்குப் பின்னாடி ஸ்வீனின்னு ஒருத்தன். சம்பளம் குடுக்கிற முதலாளியாச்சேன்னு பார்த்தானா? பார்க்கலையே! ‘ஏமஸ், நீ எம்பத்தாறு, வெளிய போ’ன்னுட்டான். தாத்தா மறுபேச்சுப் பேசலை. தொப்பியை எடுத்தாரு, போயிட்டாரு. புத்தாண்டு அன்னிக்கு வந்து இதோ இந்த மிதியடியில நின்னு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் உள்ள காலை வெச்சாரு. கவுண்டருக்குப் பின்னாடி நிக்கிறவங்க சொன்னா சொன்னதுதான். முதலாளியே ஆனாலும் வெளியதான்! அந்தச் சொல் பிறந்தது இந்தக் கடையில!”

கடைசி இரண்டு வரிக்கு மேஜையைத் தட்டுவான். எதிரில் இருப்பவர் கழிப்பறைக்குப் போகும் அவசரத்தில் தலையை ஆட்டுவார். அதை வியப்பு என்று எடுத்துக்கொள்வான்.

இந்தக் கதையைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பல வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நோரீன் ஹாலக். நாற்பதைத் தொட்டவள், கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே எதிராளியைத் தலையிலிருந்து கால்வரை எடை போட்டுவிடுகிற பார்வை. கதையில் எத்தனை ஓட்டை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கடையையே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில்தான் வெண்டலின் அப்பா கட்டினார். தாத்தா ஏமஸோ கான்சாஸில் பன்றி வளர்த்தவர். மேற்கே மலை என்று ஒன்று இருப்பதைக் கண்ணால் பார்க்காமலே செத்தவர். இதைச் சொன்னது வேறு யாருமில்லை, வெண்டலின் சொந்த அம்மா. “எங்க மாமனாரா? சாராய வாசனை அடிச்சா மூக்கைப் பொத்திக்கிட்டுத் தெருவைத் தாண்டிப் போவாரு. சர்ச்சுல குடியை எதிர்த்து நோட்டீஸ் குடுத்த மனுஷன்!” என்று கிழவி ஒரு நாள் நோரீனிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எண்பத்தாறு என்று ஏன் சொன்னான் அந்த ஸ்வீனி, எண்பத்தைந்து என்று ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டுவிட்டால் வெண்டல் அசரமாட்டான். ஒரு வருஷம் அது சுரங்க வாயிலின் எண். அடுத்த வருஷம் கடையில் எண்பத்தைந்து நாற்காலி இருந்தன, தாத்தா எண்பத்தாறாவது ஆள். கடையில் முப்பது நாற்காலி போட்டாலே கதவைத் திறக்க முடியாது. ஆனால் அளக்கிறவனுக்கு நாற்காலிக்கா பஞ்சம்?

வெறும் பீற்றலோடு நிறுத்தியிருந்தால் ஊர் பொறுத்துப் போயிருக்கும். அவனுக்கு ராஜா ஆகும் ஆசை. சூப்பில் தண்ணீர் அதிகம் என்றால் எண்பத்தாறு. அவனுக்குப் பிடிக்காத பாட்டைப் போட்டால் எண்பத்தாறு. மின்விசிறிக் காற்றில் அவன் தலைமுடி ஒரு பக்கமாகச் சரிந்தபோது சிரித்த தபால் ஆபீஸ் ஃபெர்ன், அறுபது வயதுப் பெண்மணி, அவளும் எண்பத்தாறு. சமையலறை வாசலில் தொங்கிய கரும்பலகையில் தீர்ந்துபோன பண்டங்களோடு மனிதர்களையும் எழுதிவைத்தான்: மீன், சோளம், ஃபெர்ன்.

புத்தாண்டு அன்று மதியம் மன்னிப்பு விழா. தள்ளி வைக்கப்பட்டவர்கள் எல்லாம் வெளியே பனியில் வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொருவராகக் கூப்பிடுவான். வாசலில் மிதியடி மேல் நின்று, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏமஸ் தாத்தாவின் கதையை முதலிலிருந்து கடைசிவரை எல்லோர் முன்னாலும் ஒப்பிக்க வேண்டும். ஒரு வரி விட்டால் திரும்ப வெளியே. ஒப்பித்து முடித்தால் முதுகில் தட்டி உள்ளே விடுவான். அடச்சீ, வளர்ந்த மனிதர்கள்! மெக்கானிக் டட்லி ஹார்ன் வருஷா வருஷம் ஒப்பிப்பான். கூடவே தாத்தாவுக்கு ஒரு நாயையும் சேர்த்துவிட்டான். பனியில் தாத்தா பின்னாலேயே அது போனதாம். வெண்டலுக்கு அந்த நாய் பிடித்துப்போய்த் தன் கதையிலும் சேர்த்துக்கொண்டான். ஒரு குவளை பீருக்காக முதுகெலும்பைக் கழற்றிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வருகிற கூட்டம் என்று நோரீன் அவர்களை ஒருவர் விடாமல் மனசுக்குள் திட்டுவாள். ஆனால் பீரை ஊற்றிக் கொடுத்ததும் அவள்தான்; அந்த நினைப்பு வரும்போது தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொள்வாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அக்டோபரில் அவளுடைய அண்ணன் ஆர்லோவின் முறை வந்தது.

ஆர்லோ சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரலைத் தூசிக்குக் கொடுத்துவிட்டு வந்தவன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஊருக்கு வெளியே சக்கரம் வைத்த ஒரு ட்ரெய்லர் வீட்டில் தனியாக இருந்தான். தினமும் சாயங்காலம் பிக்ஸ்பி பாரின் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து சூப் குடிப்பான். பழைய சுரங்க ஆட்களோடு வம்பளப்பான். தங்கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் வாழ்க்கையில் மிச்சமிருந்த சந்தோஷம் அவ்வளவுதான்.

அன்று கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு தம்பதியிடம் வெண்டல் கதையளந்து மேஜையைத் தட்டினான். ஆர்லோ எந்த விஷமமும் இல்லாமல் திரும்பிப் பார்த்தான்.

“எங்கம்மா இதை அந்தக் காலத்துலயே சொல்வாங்களே, வெண்டல். முப்பத்தாறுல சால்ட் லேக் சிட்டியில ஒரு மருந்துக்கடை, அதுல சோடா கவுண்டர்ல அவங்களுக்கு வேலை. செர்ரி சிரப் தீர்ந்துட்டா ‘செர்ரி எம்பத்தாறு’ன்னு உள்ள குரல் குடுக்கணுமாம். கல்யாணம் ஆகி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகலை. வீட்டுல சர்க்கரை தீர்ந்தா ‘சர்க்கரை எம்பத்தாறு’ம்பாங்க. அப்பா வீட்டை விட்டுப் போன அன்னிக்கு ‘உங்கப்பன் எம்பத்தாறு, வந்து சாப்பிடுங்க’ன்னாங்க. இல்ல நோரி?”

நோரீன் சிரித்துவிட்டாள். கலிபோர்னியாக்காரப் பெண்ணும் சிரித்தாள். “அப்போ நிஜமா அங்கேருந்துதான் வந்திருக்கணும்” என்று அவள் தன் கணவனிடம் சொன்னாள். அந்த ஒரு வாக்கியம் போதாதா? வெண்டலின் முகம் கறுத்தது.

“உங்கம்மா எங்க கடையிலேருந்து கேட்டுட்டுப் போய்ச் சொல்லிருப்பா.”

“எங்கம்மா இந்த ஊருக்கே நாப்பதுலதான் வந்தாங்க.”

“அப்போ பொய் சொல்லிருக்கா.”

“யோவ், எங்கம்மாவைப் பத்தி…”

“நீ எம்பத்தாறு. எழுந்திரு. சூப்பை வெச்சிட்டு எழுந்திரு!”

ஆர்லோ விளையாட்டு என்றுதான் நினைத்தான். பிறகு கரும்பலகையில் தன் பெயர் ஏறுவதைப் பார்த்துவிட்டு, இரண்டு தடவை இருமி, போய்விட்டான். பழைய சுரங்க நண்பர்கள் தங்கள் தங்கள் குவளையை உற்றுப் பார்த்தார்கள். அதில் அப்படி என்ன தெரிந்ததோ!

அதன் பிறகு நோரீன் வேலை முடிந்ததும் பாத்திரத்தில் சூப் எடுத்துக்கொண்டு ட்ரெய்லருக்குப் போனாள். முதலில் எல்லாவற்றையும் குடித்தான். பிறகு பாதி. பிறகு, “அங்க வை, அப்புறம் குடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான். சவரம் நின்றுபோனது. பேச்சும் குறைந்தது, அவனுக்குப் பேச யார் இருந்தார்கள்? தனியாக விட்டால் இந்தப் பனிக்காலத்தை அவன் தாண்டமாட்டான் என்று நோரீனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

டிசம்பரில் பல்லைக் கடித்துக்கொண்டு வெண்டலிடம் கேட்டாள். அவன் கண்ணாடி முன் முடியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“புத்தாண்டுக்கு வரட்டும். எல்லாரையும் மாதிரி மிதியடியில நின்னு சொல்லட்டும்.”

“சொல்லச் சொல்றேன். அப்புறம் விட்டுடுவல்ல?”

“ஒரு வரி கூடச் சேர்த்துச் சொல்லணும். ‘எங்கம்மா சொன்னது பொய்’னு சொல்லணும்.”

“வெண்டல், செத்துப்போனவங்கய்யா அவங்க. எனக்கும் அம்மா.”

“அன்னிக்கு சாக்ரமென்டோலேருந்து பத்திரிகைக்காரி வர்றா. ‘எம்பத்தாறு பிறந்த கடை’ன்னு எழுதப் போறா. பித்தளைப் பலகைகூட அடிச்சாச்சு. அவ முன்னாடி உங்கண்ணன் சொல்லட்டும். சந்தேகம் ஒரேயடியாத் தீரட்டும்.”

அன்று ட்ரெய்லரில் நோரீன் அண்ணனிடம் சண்டை போட்டாள்.

“சொல்லித் தொலை, ஆர்லோ. வெறும் வார்த்தைதானே? அம்மா இருந்தா அவங்களே ‘சொல்லிட்டுப் போய் சூப்பைக் குடிடா’ம்பாங்க.”

“அம்மாகிட்ட வேற என்ன இருந்துச்சு, நோரி? போட்டோகூட இல்ல. அந்தக் கவுண்டர்ல நின்ன ரெண்டு வருஷத்தைத்தான் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. வெள்ளை கவுன், தலையில சின்னத் தொப்பி, செர்ரி எம்பத்தாறு. அதைப் பொய்னு நான் சொல்லணுமா?”

“நீ செத்துப் போவடா இங்க!”

அவன் வெகுநேரம் இருமினான். பிறகு, “சரி, வர்றேன். அழாத” என்றான். சம்மதம் கிடைத்த சந்தோஷம் அவளுக்குத் துளியும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதாள்.

புத்தாண்டு அன்று நல்ல பனி. கடை வாசலில் பித்தளைப் பலகை பளபளத்தது. உள்ளே வெண்டல் கவுண்டருக்கு இந்தப் பக்கம், வாடிக்கையாளர் பக்கம், நடு ஸ்டூலில் தாத்தா தொப்பி என்று சொல்லி ரீனோவில் வாங்கிய ஒரு தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். இன்று தான் விருந்தாளி, கவுண்டரை நோரீன் பார்த்துக்கொள்வாள் என்று பத்திரிகைக்காரியிடம் பெருமையாகச் சொன்னான். அவள் பெயர் ஜோசலின். இளவயதுதான், மடியில் காமிரா. காலையிலிருந்தே விஸ்கியை உள்ளே இறக்கிக்கொண்டிருந்த வெண்டல் அவளுக்குக் கதையை இரண்டு தடவை சொல்லி முடித்திருந்தான்.

விழா தொடங்கியது. ஃபெர்ன் வந்து தபால் முத்திரை குத்துகிற வேகத்தில் ஒப்பித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். டட்லி வந்தான். நாய் இந்த வருஷம் பனியில் தாத்தாவின் கையை நக்கியது. கூட்டம் சிரித்தது. ஜோசலின் எழுதிக்கொண்டாள்.

பிறகு ஆர்லோ. சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கோட் அவனுக்கு இரண்டு மடங்கு பெரிதாகத் தொங்கியது. மிதியடியில் நின்றான். மூச்சு வாங்கிக்கொண்டே கதையைச் சொன்னான். பனி, ஸ்வீனி, தொப்பி, மன்னிப்பு. எதையும் விடவில்லை.

“…முதலாளியே ஆனாலும் வெளியதான். அந்தச் சொல் பிறந்தது இந்தக் கடையில.”

“உங்கம்மா?” என்றான் வெண்டல்.

ஆர்லோ தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

“எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு. இந்தம்மா எழுதிக்கணும்ல.”

“எங்கம்மா…” என்று ஆரம்பித்தான். இருமல் பிடித்துக்கொண்டது. வளைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

வெண்டல் கூட்டத்தின் பக்கம் திரும்பி, அதே மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினான். ஒருவரும் சிரிக்கவில்லை என்றதும் அவனுக்கு இன்னும் ஏறியது. “ஐஸ்கிரீம் கவுண்டர்ல நின்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் பல்லைக் காட்டினவதானே? அவளுக்கு இந்த நம்பர் ஒண்ணுதான் கேடு! பொய் சொல்றதுதானே அவ பொழப்பே!”

ஊற்றிக்கொண்டிருந்த குவளையை நோரீன் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். 

“வெண்டல், நீ எம்பத்தாறு.”

அவன் சிரித்தான். “என்னது?”

“வாடிக்கையாளரைக் கேவலமாப் பேசின. அதுவும் போதையில. கவுண்டருக்குப் பின்னாடி நான் நிக்கிறேன். எழுந்திரு, வெளிய போ.”

“பைத்தியமா பிடிச்சிருக்கு? இது என் கடைடீ!”

“உங்க தாத்தா இப்படிக் கேக்கலையே?”

 ஜோசலின் பேனாவை மூடாமல் நிமிர்ந்து பார்த்தாள். கிண்டலெல்லாம் இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: “மிஸ்டர் பிக்ஸ்பி, உங்க தாத்தா மறுபேச்சே பேசாமப் போனாருன்னு சொன்னீங்களே. அது அப்படித்தானே?”

 அது கட்டுக்கதை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெண்டல் தன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பித்தளைப் பலகை? பத்திரிகை? பெற்றுச் சோறூட்டிய பிள்ளையை எப்படிக் கொல்வான்?

அப்போது டட்லிதான், ஆமாம், அந்த டட்லிதான், வருஷக்கணக்காக ஒப்பித்த நாக்கு தானாகப் புரண்டதோ என்னவோ, சொன்னான்: “கவுண்டருக்குப் பின்னாடி நிக்கிறவங்க சொன்னா சொன்னதுதான்.”

ஃபெர்ன் அடுத்த வரியை எடுத்தாள். “முதலாளியே ஆனாலும்…”

“வெளியதான்!” என்றது மொத்தக் கடையும். எல்லோருக்கும் மனப்பாடம். அவனே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது.

வெண்டல் எழுந்தான். காமிராவைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான், கோமாளி! தொப்பியைக் கழற்றி நோரீனுக்கு ஒரு கும்பிடு போட்டான், தானே நினைத்து நடத்துகிற நாடகம் போல. ஜோசலின் படம் எடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது. ஆர்லோ தன் ஓரத்து ஸ்டூலுக்கு நடந்து போய் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்த பழைய நண்பன் நகர்ந்து இடம் விட்டான். நோரீன் சூப் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள். அன்று முழுவதையும் குடித்தான்.

பத்திரிகைக்காரி போன பிறகு உள்ளே வந்துவிடலாம் என்பது வெண்டலின் கணக்கு. சமையலறைப் பின்கதவில் தட்டினான்.

“விளையாட்டு போதும். திற. உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவேன்.”

“தூக்கு. வெளிய இருக்கிறவன் உள்ள இருக்கிறவளைத் தூக்கிட்டான்னு அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடறேன். தாத்தா கான்சாஸ்ல பன்னி மேய்ச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.”

வெண்டல் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

வசந்தத்தில் கட்டுரை வந்தது. சொந்தக் கடையிலிருந்து சொந்தச் சட்டப்படி வெளியேறிய மனிதர் என்று பெரிய படம். அவ்வளவுதான், கார்கள் வரத் தொடங்கின. வெண்டல் வாசலில் பித்தளைப் பலகைக்குக் கீழே ஒரு பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொண்டான். ஆட்கள் படம் எடுத்தார்கள், கையெழுத்து கேட்டார்கள். வெட்கங்கெட்ட ஜென்மம், போட்டும் கொடுத்தான்! உள்ளே நோரீன் கடையை நடத்தினாள். சூப்பில் தண்ணீர் குறைந்தது. கரும்பலகையில் பண்டங்கள் மட்டும் இருந்தன. ஆர்லோவுக்கு நுரையீரல் சரியாகிவிடவில்லை, சரியாகவும் ஆகாது. ஆனால் தினமும் சவரம் செய்துகொண்டு வந்தான், எல்லோரையும் திட்டினான், கோடை போய் இலையுதிர் காலமும் போனது.

நவம்பரில் ஹைவே உறைந்தது. கார்கள் நின்றன. பெஞ்சில் பனி ஏறியது. தினமும் வீட்டில் தனியாக டப்பா சூப்பைச் சுடவைத்துக் குடிப்பது எப்படி இருக்கும் என்று வெண்டலுக்கு அப்போதுதான் தெரியவந்தது. சில சாயங்காலங்களில் கடை ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே டிவியில் ஓடும் ஆட்டத்தைப் பார்ப்பான்.

புத்தாண்டு வந்தது. வரிசையில் அவன் ஒருவன்தான். தொப்பி கையில், தபால் முடி மேல் பனித்துகள். மிதியடியில் வந்து நின்றான். கடை முழுக்க ஆள், ஜோசலின்கூட வந்திருந்தாள்.

நோரீன் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டாள். “கதையெல்லாம் வேண்டாம், வெண்டல். மன்னிப்பும் வேண்டாம். எங்கண்ணனைப் பார்த்து ஒரே ஒரு வரி சொல்லு. ‘உங்கம்மா பொய் சொல்லலை’ன்னு. அதைச் சொல்லிட்டு வந்து உக்காரு. சூப் சூடா இருக்கு.”

அவள் மனதாரத்தான் சொன்னாள். அவனும் ஆர்லோவைப் பார்த்தான். சூப் பாத்திரத்திலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்தான். உதடு அசைந்தது. சொல்லிவிடுவான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஃபெர்ன் அவனுக்காக ஒரு ஸ்டூலை இழுத்துப் போடவும் கையை நீட்டினாள். பிறகு அவன் கண் ஜோசலினின் காமிரா மேல் விழுந்தது.

“ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி மூணு,” என்றான் வெண்டல் பிக்ஸ்பி. “வெளிய இடுப்பளவு பனி. எங்க தாத்தா…”

“கதவைச் சாத்திட்டுப் போ,” என்றாள் நோரீன். “குளிரடிக்குது.”

அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனான். ஆர்லோ திரும்பியே பார்க்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

“இனிப்புக்கு ஆப்பிள் பை இருக்கா, நோரி?”

நோரீன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“எம்பத்தாறு,” என்றாள், அம்மாவின் அதே குரலில். “செர்ரி இருக்கு, கொண்டு வரட்டா?”